ஒருநாள் விட்டு ஒருநாள் மறதி

ஜெயிப்பதற்குத் திட்டம் போடுகிறவர்களை நீங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். தோற்பதற்குத் திட்டம் போட்டவனைப் பார்த்திருக்க மாட்டீர்கள். நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், நான்தான். சரியாகத் தெரியவில்லை என்றால் கடைக்கு வாருங்கள், கண்ணாடி போட்டு விடுகிறேன். என் தொழிலே அதுதான்.

கண்ணாடிக் கடையில் கண் பார்க்கிறவன் நான். ஓர் இருட்டறை, ஒரு சுழல் நாற்காலி, எதிரே எழுத்துப் பலகை. வருகிறவர் மூக்கின்மேல் சோதனை பிரேமை உட்கார வைத்து, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இப்ப தெளிவா இருக்கா, முன்னாடி தெளிவா இருந்துதா?" என்று கேட்பேன். காலையிலிருந்து மாலைவரை இதே கேள்வி. வீட்டில் மனைவி புது உடுப்பு போட்டுக்கொண்டு வந்து நின்றாலும் வாயில் அதுதான் வரும். "முன்னாடி" என்று அவள் எதைப் புரிந்துகொண்டாளோ, அன்றைக்கெல்லாம் என்னிடம் பேசவில்லை.

அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பொழுது விடிவதற்குள் கிளம்பிப் போய்விட்டு, மத்தியானம் தாண்டித் திரும்பி வருவாள். ஊசி போடுவதில் கெட்டிக்காரி. "வலிக்கவே வலிக்காது" என்று சொல்லிச் சிரிப்பாள். நீங்களும் சிரிப்பீர்கள். அதற்குள் ஊசி ஏறியிருக்கும். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

எங்களுக்கு இரண்டு பெண்கள். இரட்டையர். பெரியவள், சின்னவள் என்று கூப்பிடுகிறோமே தவிர, பெரியவள் பிறந்து நான் "பெண்ணா?" என்று கேட்டு முடிப்பதற்குள் சின்னவளும் வந்துவிட்டாள். அச்சில் வார்த்த மாதிரி ஒரே முகம், ஒரே மூக்கு, ஒரே பிடிவாதம். பெரியவளுக்குச் சிவப்பு ரிப்பன், சின்னவளுக்கு நீல ரிப்பன் என்று மனைவி கட்டி விடுவாள். அவளுக்கு ரிப்பன் தேவையில்லை. அடுக்களையில் நின்றபடியே காலடிச் சத்தத்தில் கண்டுபிடித்துவிடுவாள். எனக்கும் ரிப்பன் தேவையில்லை என்றுதான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். ஊர்க் கண்ணுக்கெல்லாம் நம்பர் சொல்கிறவன் சொந்தப் பிள்ளைகளை ரிப்பன் பார்த்துக் கண்டுபிடிக்கிறான் என்று தெரிந்தால் யார் கடைக்கு வருவார்கள்?

ஒருநாள் நான் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே மனைவி எதிரே வந்து நின்றாள்.

"என்னங்க, பள்ளிக்கூடத்துல டீச்சர் கூப்பிட்டு விட்டாங்க."

"என்னவாம்?"

"பெரியவளுக்குக் கணக்கு வரலையாம்."

"சின்னவளுக்கு?"

"அவளுக்கும் வரலையாம்."

"பரவால்லையே. ஒத்துமையா இருக்காங்க."

"சிரிக்காதீங்க. வாசிப்பும் வரலையாம். ரெண்டாம் வகுப்புல எல்லாப் பிள்ளைங்களும் கடகடன்னு படிக்குதாம், இதுங்க ஒவ்வொரு எழுத்தா தட்டிக்கிட்டு நிக்குதாம். வீட்டுல யாராவது தினமும் ஒரு மணி நேரம் கூட உட்காரணும்னு சொன்னாங்க."

"உட்காரலாமே. நீ உட்காரு."

"நான் நின்னாலே தூங்கறேன். உட்கார்ந்தா கேக்கணுமா? நீங்க உட்காருங்க."

இங்கேதான் சிக்கல். அந்த ஒரு மணி நேரம் என்னுடையதல்ல. அது கேரம் மன்றத்துக்கு எழுதி வைத்த நேரம். கடை மூடியதும் நேரே அங்கே போய், பவுடர் தூவிய பலகையில் ஸ்டிரைக்கரை வைத்து ஒரு சுண்டு சுண்டினால்தான் அன்றைய இருட்டறை என் தலையைவிட்டு இறங்கும். அங்கே எனக்குத் தனி மரியாதை உண்டு. கோப்பை வாங்கியிருக்கிறேன். டீக்கோப்பைதானே என்று கேட்பவர்கள் பொறாமைக்காரர்கள்.

மறுநாள் அவளுக்கு விடுமுறை. காலையில் முகச்சவரம் செய்யும்போது எனக்குத் திட்டம் உதித்தது. உதித்த வேகத்தில் தாடையில் கீறல். அதுவே ஒரு எச்சரிக்கை என்று எனக்குத் தோன்றவில்லை.

"இங்க பாரு," என்றேன், பஞ்சைத் தாடையில் ஒட்டிக்கொண்டு. "ஒரு போட்டி வெச்சுக்கலாம். பெரியவ எனக்கு, சின்னவ உனக்கு. பரீட்சை வரைக்கும் ஆளுக்கொருத்திக்குச் சொல்லிக் குடுப்போம். அப்புறம் ரெண்டு பேரையும் நிக்க வெச்சுப் பார்ப்போம். யாரு நல்லா சொல்லிக் குடுத்தாங்களோ, அவங்கதான் இந்த வீட்டு வாத்தியார்."

"வாத்தியார் ஆயிட்டா?"

"அதுக்கப்புறம் ரெண்டு பேருக்கும் அவங்களேதான் சொல்லிக் குடுக்கணும். தோத்தவங்க அந்தப் பக்கமே தலை வெச்சுப் படுக்கக் கூடாது. குறுக்கே பேசக் கூடாது."

திட்டம் உங்களுக்குப் புரிந்திருக்கும். கொஞ்ச நாள் ஒப்புக்கு உட்காருவேன். ஒப்புக்குச் சொல்லிக் கொடுப்பேன். கௌரவமாகத் தோற்பேன். பிறகு ஆயுள் முழுக்கக் கேரம். குறுக்கே பேசக் கூடாது என்பது ஒப்பந்தம் ஆயிற்றே, நான் என்ன செய்ய முடியும்?

மனைவி என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"சரிங்க. ஆனா ஒருத்தர் சொல்லிக் குடுக்கறதை இன்னொருத்தர் எட்டிப் பார்க்கக் கூடாது. நீங்க கூடத்துல, நான் படுக்கையறைல. கதவு சாத்தியிருக்கும்."

"தாராளமா."

"எங்க அண்ணனை நடுவரா வெச்சுக்கலாம்."

அவள் அண்ணன், அதாவது என் மச்சான், கால்பந்து நடுவர். அடுத்த தெருவில் இருக்கிறார். தூங்கும்போதுகூடக் கழுத்தில் விசில் தொங்கும். வீட்டில் தன் மனைவிக்கு மஞ்சள் அட்டை காட்டியவர், பதிலுக்கு வெளியேற்றப்பட்டவர். அவரையும் ஒப்புக்கொண்டேன். இவ்வளவு சுலபமாக எல்லாம் ஏன் நடக்கிறது என்று யோசித்திருக்க வேண்டும். நான் ஸ்டிரைக்கரை யோசித்துக்கொண்டிருந்தேன்.

தோற்பதற்கும் முன்னேற்பாடு வேண்டும். பெரிய கடையாகப் பார்த்து "அறிவுப் பெட்டி" என்று ஒன்று வாங்கி வந்தேன். மூடியைத் திறந்தால் குச்சி, சக்கரம், கொக்கி, கம்பி என்று ஒரு சைக்கிள் கடையே இருந்தது. இதை வைத்துக்கொண்டு எந்தக் குழந்தையும் எதையும் கற்றுக்கொள்ளாது என்று ஒரே பார்வையில் தெரிந்தது. கூட ஒரு விளக்கப் புத்தகம். எழுத்து அவ்வளவு பொடி. கடையிலிருந்து பூதக்கண்ணாடி எடுத்து வந்து பார்த்தேன். முதல் வரியில், "இதைப் படிக்கும் முன் பின்பக்கத்தைப் படிக்கவும்" என்று இருந்தது. பின்பக்கத்தில், "முன்பக்கத்தைப் பார்க்கவும்" என்று இருந்தது. திருப்தியோடு மூடி வைத்தேன்.

முதல் சில நாட்கள் திட்டப்படியே போயின. சிவப்பு ரிப்பன் வரும், உட்காரும், கொட்டாவி விடும். நானும் விடுவேன். வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பது வாய்க்குப் பெரும்பாடு என்று அப்போதுதான் தெரிந்தது.

திட்டம் கெட்டது ஒரு தீப்பெட்டியால். ஒருநாள் மகள் அடுப்படியிலிருந்து அதை எடுத்து வந்து, குச்சிகளைத் தரையில் கொட்டி அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தாள். பொழுது போகவில்லை. கண்ணாடிக் கூடுகளைக் கட்டும் ரப்பர் வளையம் ஒன்று என் சட்டைப்பையில் கிடந்தது. சும்மா கைபோன போக்கில் பத்துக் குச்சிகளைச் சேர்த்து ஒரு கட்டாகக் கட்டினேன்.

"அப்பா, இது எத்தனை?"

"எண்ணிப் பாரு."

"கட்டிட்டீங்களே. ஒரு கட்டு."

"ஒரு கட்டுக்குள்ள பத்து. அப்ப மூணு கட்டும் ரெண்டு குச்சியும் இருந்தா?"

யோசித்தாள். விரலை மடக்கினாள். திடீரென்று கண் அகலமானது. "முப்பத்திரெண்டு! அப்பா, டீச்சர் பலகைல எழுதற மூணு, இந்தக் கட்டா?"

எத்தனையோ பேருக்கு லென்ஸ் மாற்றியிருக்கிறேன். சரியான லென்ஸ் விழுந்ததும் சிலர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும், பாருங்கள். அதே வெளிச்சம். அதுவும் என் கூடத்தில், என் பெண்ணின் முகத்தில். "இப்ப தெளிவா இருக்கா, முன்னாடி தெளிவா இருந்துதா?" என்று கேட்டேன். "இப்ப, இப்ப!" என்று குதித்தாள்.

அன்றோடு தோற்கும் ஆசை போயிற்று. எனக்குள் ஒரு வாத்தியார் முழித்துக்கொண்டான்.

மறுநாள் கேரம் மன்றத்தை மறந்து ஓடிவந்தேன். சிவப்பு ரிப்பன் வந்து உட்கார்ந்தது. கட்டுகளை எடுத்து வைத்துக் கம்பீரமாகக் கேட்டேன்.

"மூணு கட்டு, ரெண்டு குச்சி. எத்தனை?"

"கட்டுன்னா என்ன அப்பா?"

"நேத்து சொன்னேனே!"

"எனக்குச் சொல்லலையே."

"உனக்குத்தானேம்மா சொன்னேன்? குதிச்சியே!"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது. மறுபடி முதலிலிருந்து சொன்னேன். மறுபடி அந்த வெளிச்சம், மறுபடி அந்தக் குதி. அதற்கு மறுநாள் பயந்துகொண்டே கேட்டேன். டாணென்று பதில் சொன்னாள்! அன்றைக்குக் கழித்தலுக்குத் தாவினேன். அதற்கு மறுநாள் கழித்தல் என்றால் என்ன என்று கேட்டாள்.

இப்படி ஒரு நோயை யாராவது கேள்விப்பட்டதுண்டா? ஒருநாள் ஞாபகம், ஒருநாள் மறதி. அதுவும் கடிகாரம் மாதிரி, தவறாமல். கடையில் உட்கார்ந்து இதே கவலை. ஒரு பெரியவருக்குத் தூரப்பார்வை லென்ஸுக்குப் பதில் கிட்டப்பார்வை லென்ஸைப் போட்டுவிட்டேன். அவர் நாற்காலியைச் சுவர் என்று நினைத்துச் சாய்ந்துவிட்டார்.

பக்கத்து மருந்துக் கடைக்காரரிடம் போனேன். ஆதியோடு அந்தமாகக் கேட்டுவிட்டு அவர் மீசையைத் தடவினார்.

"சார், ஒருநாள் விட்டு ஒருநாள் காய்ச்சல் உண்டு. மருந்தும் உண்டு. ஒருநாள் விட்டு ஒருநாள் மறதி கேள்விப்பட்டதில்ல. உங்க பக்கத்துல யாருக்காவது உண்டா?"

"என் மச்சான் எங்க வீட்டு ஏணியை வாங்கிட்டுப் போய் மறந்துட்டாரு. ஆனா அது தினமும் மறதி."

"அப்ப அது வேற."

வேறு வழியில்லாமல் மனைவியிடம் போனேன். எதிராளியிடம் ஆலோசனை கேட்கக் கூடாதுதான். ஆனால் பெற்ற வயிறு.

"ஏம்மா, நீ நர்ஸுதானே. சொல்லிக் குடுத்தது ஒருநாள் ஞாபகம் இருந்து மறுநாள் மறந்துபோற மாதிரி ஏதாவது வியாதி இருக்கா?"

அவள் முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை.

"இருக்கு. பேரு வாயில நுழையாது."

"ஐயையோ! மருந்து?"

"மருந்தெல்லாம் கிடையாது. எதையும் ரெண்டு தடவை சொல்லிக் குடுக்கணும். இன்னைக்கு ஒரு தடவை, நாளைக்கு அதையே ஒரு தடவை. பொறுமையா. கோவமே படாம. வளர வளர சரியாயிடும்."

"வலிக்குமா?"

"வலிக்கவே வலிக்காது," என்று சிரித்தாள்.

அப்படியே செய்தேன். "இரட்டைப் போதனை" என்று அதற்கு நானே பேர் வைத்தேன். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் கண்ணுக்கு லென்ஸ் ஒன்று, காதுக்கு என் முறை ஒன்று என்று பெருமையாக எடுத்துச் சொன்னேன். அதிசயம் பாருங்கள், முறை வேலை செய்தது. எல்லாவற்றையும் இரண்டு தடவை சொன்னால் மறதி பக்கத்தில்கூட வரவில்லை.

அறிவுப் பெட்டியை அலமாரிக்கு மேல் தள்ளினேன். வீட்டுக் குப்பையெல்லாம் பாடமானது. தரையில் சாக்குக்கட்டியால் நீளமாகக் கோடு கிழித்து எண்களை எழுதினேன். கூட்டலுக்கு முன்னால் குதிக்க வேண்டும், கழித்தலுக்குப் பின்னால் குதிக்க வேண்டும். நானும் குதித்துக் காட்டினேன், கீழ்வீட்டுக்காரர் வந்து விசாரிக்கும்வரை. அட்டையை வட்டமாக வெட்டி, குண்டூசியில் முள் மாட்டிக் கடிகாரம் செய்தேன். பாட்டில் மூடிகளை வரிசை வரிசையாக அடுக்கிப் பெருக்கல் சொன்னேன்.

கடன் வாங்கிக் கழிப்பதுதான் கடினமாக இருந்தது.

"ரெண்டுல அஞ்சு போகாது. அதனால பக்கத்து வீட்டுல போய் ஒரு கட்டு கடன் வாங்கணும். வாங்கி ரப்பரைக் கழட்டிட்டா பத்துக் குச்சி."

"அப்புறம் எப்ப திருப்பிக் குடுக்கணும் அப்பா?"

"திருப்பிக் குடுக்க வேண்டாம்."

"மாமா ஏணி மாதிரியா?"

"அதேதான்."

இந்த ஓர் உதாரணத்தில் கழித்தல் அவளுக்கு வாழ்நாளுக்கும் பதிந்துவிட்டது. மறுநாளும் இதையே சொன்னேன். மறுநாளும் அவள் இதையே கேட்டாள்.

ஒருநாள் மனைவி வந்து கூடத்தைப் பார்த்தாள். தரையெங்கும் குச்சி, மூடி, அட்டைத் துண்டு, சாக்குக்கட்டித் தூள்.

"இங்க என்ன நடக்குது?"

"பெருக்கல்."

"பார்த்தா அப்படித் தெரியலையே," என்று துடைப்பத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். பெருக்கினேன்.

அவள் பக்கத்து நிலவரம் என்ன என்று எனக்கு ஆவல் தாங்கவில்லை. எட்டிப் பார்க்கக் கூடாது, சரி. காதை வைக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இல்லை. சாத்திய கதவில் காதை வைத்தேன். ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டிலிருந்து மெல்லிய படக்கதைப் புத்தகங்கள் இரண்டு மூன்று இரவல் வாங்கி வந்திருந்தாள். அதில் ஒன்றைப் பிள்ளை எழுத்து எழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தது. "வா...த்...து... வாத்து... கு...ள...த்...து..." மனைவியின் குரலே இல்லை. திருத்தவில்லை, கேள்வி கேட்கவில்லை, ஒன்றுமில்லை. பாவம், இவளுக்குச் சொல்லிக் கொடுக்கவே தெரியவில்லையே என்று எனக்கே இரக்கமாகப் போயிற்று. என்னிடமிருந்து ஒரு தீப்பெட்டியாவது கொடுத்து உதவலாமா என்றுகூட யோசித்தேன்.

ஒன்றை மட்டும் கவனித்தேன். கண் பார்க்கிறவன் அல்லவா, கவனிக்காமல் இருப்பேனா? அவள் கண்ணுக்குக் கீழே பல வருஷமாக இருந்த கருவளையம் மறைந்துகொண்டு வந்தது. முகம் தெளிந்திருந்தது. விடியுமுன் கிளம்பும்போதே பாட்டு முணுமுணுத்தாள். கணவன் பொறுப்பாக இருந்தால் பெண்களுக்கு அழகு கூடும் என்று முடிவு கட்டினேன்.

பரீட்சையும் முடிந்தது. விடுமுறைநாள் காலையில் மச்சான் வந்தார். நடுவர் உடுப்பு, கழுத்தில் விசில், பையில் அட்டைகள். ஏணி இல்லை.

"மாப்பிள்ளை, விதியெல்லாம் ஞாபகம் இருக்கா? ஜெயிச்சவங்க ரெண்டு பிள்ளைக்கும் பொறுப்பு. தோத்தவங்க குறுக்கே வரக் கூடாது. நடுவர் சொன்னா சொன்னதுதான்."

"என் வாயால சொன்ன விதி மச்சான். மாறுவேனா?"

மனைவி இருவருக்கும் தலைவாரி ரிப்பன் கட்டி அழைத்து வந்தாள். மச்சான் விசில் ஊதினார். கீழ்வீட்டு நாய் குரைத்தது. முதலில் வாசிப்பு.

நீல ரிப்பன் புத்தகத்தைப் பிரித்தது. தண்ணீர் மாதிரி ஓடிற்று வாசிப்பு. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, வாத்து பேசும் இடத்தில் வாத்து மாதிரி பேசி. என் பெண்ணுக்கு நான் வாசிப்பே சொல்லிக் கொடுக்கவில்லை! கணக்கு மயக்கத்தில் மறந்தே போனேன். ஒன்றுமில்லை என்று நினைத்த மனைவி இப்படிக் குத்திவிட்டாளே என்று உட்கார்ந்திருந்தேன்.

சிவப்பு ரிப்பன் அடுத்த பக்கத்தைப் பிரித்தது. அதுவும் தண்ணீர் மாதிரி ஓடிற்று. அதுவும் வாத்து மாதிரி பேசிற்று.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "பார்த்தீங்களா மச்சான்? கணக்கு நல்லா வந்தா வாசிப்பு தானா வரும். மூளையோட ஒரு பக்கத்துல தட்டினா இன்னொரு பக்கமும் திறக்கும்."

"ஓகோ," என்றார் மச்சான்.

அடுத்து கணக்கு. சிவப்பு ரிப்பன் பின்னிவிட்டது. கூட்டல், கழித்தல், கடிகாரம் எல்லாம். மச்சான் கேள்வியை முடிப்பதற்குள் பதில். நான் மனைவியைக் கருணையோடு பார்த்தேன்.

நீல ரிப்பன் வந்து தரையில் உட்கார்ந்தது. தீப்பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, மளமளவென்று குச்சிகளை எண்ணி ரப்பர் போட்டது. எனக்குக் கொஞ்சம் வியர்த்தது.

"முப்பத்திரெண்டுல பதினஞ்சு போனா?" என்றார் மச்சான்.

"ரெண்டுல அஞ்சு போகாது மாமா. பக்கத்து வீட்டுல ஒரு கட்டு கடன் வாங்கணும். திருப்பிக் குடுக்க வேண்டாம், உங்க ஏணி மாதிரி. பதினேழு." பிறகு குச்சிகளை அவர் பக்கம் தள்ளி, "இப்ப தெளிவா இருக்கா, முன்னாடி தெளிவா இருந்துதா?" என்று கேட்டது.

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"காப்பி! இது என் பாடம்! இது என் ஏணி! மச்சான், அட்டையை எடுங்க! இவ கதவுல காது வெச்சிருக்கா!"

"காது வெச்சது நீங்க," என்றாள் மனைவி நிதானமாக. "அவ காது வெச்சு ஏன் கத்துக்கணும்? நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க."

"நான் பெரியவளுக்குச் சொல்லிக் குடுத்தேன்!"

"ஒருநாள் பெரியவளுக்கு. ஒருநாள் சின்னவளுக்கு. சிவப்பு ரிப்பன் யாருக்குக் கட்டறேனோ அவ உங்ககிட்ட வருவா."

பெண்கள் இரண்டும் ஒன்றையொன்று கிள்ளிக்கொண்டு சிரித்தன. ஒருநாள் விட்டு ஒருநாள் மறதி என் கண்முன்னால் இரண்டு பேராகப் பிரிந்து நின்றது.

"அப்ப அந்த வியாதி?"

"நீங்க கேட்டீங்க, நான் சொன்னேன். வளர வளர சரியாயிடும்னேனே, ஆயிடுச்சா இல்லையா?"

"இது அநியாயம்! ஆளுக்கொருத்தின்னு பிரிச்சோமே!"

"நீங்க பிள்ளைங்களைப் பிரிச்சீங்க. நான் பாடத்தைப் பிரிச்சேன். ஒருத்திக்குக் கணக்கு மட்டும், ஒருத்திக்கு வாசிப்பு மட்டும் தெரிஞ்சா நல்லாவா இருக்கும்? கணக்கு உங்ககிட்ட, வாசிப்பு எங்கிட்ட."

எனக்குச் சட்டென்று ஒரு பிடி கிடைத்தது. "சரி! அப்ப வாசிப்பு முழுக்க நீ சொல்லிக் குடுத்தது! அது பெரிய வேலை! உள்ளே சத்தமே போடாம என்னதான் பண்ணின?"

"தூங்கினேன்."

"என்னது?"

"படுத்துக்குவேன். அவ பக்கத்துல உட்கார்ந்து கதை படிப்பா. அம்மா தூங்கற வரைக்கும் படிக்கணும், தப்பு விட்டா எனக்கு முழிப்பு வந்துடும்னு சொல்லி வெச்சிருந்தேன். மொதல்ல ரொம்ப நேரம் ஆச்சு. எழுத்துக்கு எழுத்து நின்னா யாருக்குத் தூக்கம் வரும்? வரவர நல்லா படிச்சாங்க. நானும் நல்லா தூங்கினேன். இதுங்க பொறந்ததுலேர்ந்து இப்படித் தூங்கினதில்லங்க."

நான் மச்சானைப் பார்த்தேன். மச்சான் விசிலைப் பார்த்தார். அந்த நேரத்தில்தான் எனக்கு விதிகள் நினைவுக்கு வந்தன. ஜெயிப்பவருக்கு இரண்டு பிள்ளைகள், ஆயுளுக்கும் கேரம் இல்லை. வெற்றி ஆபத்தான தூரத்தில் நின்றது.

"மச்சான், இதுல பேச்சே இல்ல," என்றேன் அவசரமாக. "உங்க தங்கச்சிதான் ஜெயிச்சா. தூங்கிக்கிட்டே பாடம் நடத்த உலகத்துல யாரால முடியும்? நான் தோத்துட்டேன். முழு மனசோட தோத்துட்டேன். கை குடும்மா!"

"அண்ணே, தூங்கினவங்களுக்கு எப்படி வெற்றி குடுப்பீங்க?" என்றாள் மனைவி.

மச்சான் அட்டைகளை வெளியே எடுத்தார், மறுபடி பையில் போட்டார். அவர் வாழ்க்கையில் இப்படி ஓர் ஆட்டத்தைப் பார்த்ததில்லை போலும். பிறகு எழுந்து நின்றார்.

"மைதானத்துல தூங்கற ஆட்டக்காரர் ஆட்டத்துலயே இல்லாத மாதிரி. ஆட்டத்துல இருந்தது மாப்பிள்ளை ஒருத்தர்தான். ரெண்டு பிள்ளைக்கும் தனித்தனியா, கோவப்படாம, ரெண்டு ரெண்டு தடவை சொல்லிக் குடுத்தவரும் அவர்தான். வெற்றி மாப்பிள்ளைக்கு!"

நீளமாக ஊதினார். நாய் மறுபடி குரைத்தது. பெண்கள் இரண்டும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அப்பா ஜெயிச்சுட்டாரு!" என்று கத்தின. நானும் சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

மச்சான் போனபிறகு மனைவியிடம் மெதுவாகக் கேட்டேன். "உண்மையைச் சொல்லு. நான் தோக்கணும்னு நினைச்சது உனக்குத் தெரியுமா?"

"தாடைல பஞ்சை ஒட்டிக்கிட்டு வந்து நின்னப்பவே தெரியும்."

"அப்புறம் ஏன்?"

"என்னங்க இது, உங்களைத் தோக்க விட்டுட்டுச் சும்மா பார்த்துக்கிட்டு இருப்பேனா? நான் உங்க பொண்டாட்டி."

மறுநாள் மாலை. கூடத்தில் சிவப்பும் நீலமும் என் முன்னால் உட்கார்ந்திருந்தன. மனைவி படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். கேரம் மன்றத்தில் இந்நேரம் என் இடத்தில் யார் உட்கார்ந்திருப்பானோ.

ஆனால் தோல்வியிலிருந்து பாடம் படிக்கிறவன் நான். மன்னிக்கவும், வெற்றியிலிருந்து. மனைவி கண்டுபிடித்த முறை இருக்கவே இருக்கிறது. அதற்குக் காப்புரிமை ஒன்றும் இல்லையே?

"இன்னைக்குக் கணக்கு வேண்டாம். வாசிப்பு," என்று சொல்லிப் பாயை விரித்துப் படுத்தேன். கையைத் தலைக்கு அடியில் கொடுத்து, கண்ணை மூடினேன். "ஒருத்தி ஒரு பக்கம், இன்னொருத்தி அடுத்த பக்கம். அப்பா தூங்கற வரைக்கும் படிங்க."

இனிமையான குரலில் ஒருத்தி தொடங்கினாள். வாத்து, குளம், தாமரை இலை. என் கை கால்கள் தளர்ந்தன. இருட்டறை இறங்கியது. இவ்வளவு சுகத்தைத் தனியாகவா அனுபவித்தாள் என்று நினைத்துக்கொண்டே நழுவிக்கொண்டிருந்தேன். வாசிப்பு நின்றது.

"ஏம்மா நிறுத்திட்ட?"

"பக்கம் முடிஞ்சிடுச்சு. கேள்வி கேக்கணும்."

"என்ன கேள்வி?"

"அம்மா படுத்துக் கேட்டா கேள்வி கிடையாது. அப்பா படுத்துக் கேட்டா பக்கத்துக்கு ஒரு கேள்வின்னு அம்மா சொல்லியிருக்காங்க. தப்பாச் சொன்னா மறுபடி முதல்லேர்ந்து."

ஒரு கண்ணைத் திறந்தேன். "சரி, கேளு."

"தவளைக்கு ஏன் கோவம் வந்துச்சு?"

நான் இன்னொரு கண்ணையும் திறந்தேன்.

"தவளை எப்ப வந்துச்சு?"

"முதல் பக்கம்!" என்றார்கள் இருவரும், ஒரே குரலில்.